பழைய கணினியில் டெஸ்க்டொப் வரவில்லை, கறுப்புத் திரையில் கோடு மட்டும் மின்னுகிறது

உவர்மலைத் தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். உவர்மலைப் பக்கம் ஒரு சின்ன வாசிகசாலையில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணினி பழக்குகிறேன். அங்கே இருப்பது ஒரே ஒரு பழைய மேசைக் கணினி. கோர் 2 டுவோ, ஜி41 போர்ட், 2 ஜிபி ராம், டெபியன் 12 லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஈ டெஸ்க்டொப். இப்போது பவர் போட்டால் எதை ஏற்றுவது என்று கேட்கும் கிரப் மெனு வருகிறது, வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடுகின்றன, பிறகு திரை கறுத்து இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டே நிற்கிறது. லொகின் பெட்டி வருவதே இல்லை. எவ்வளவு நேரம் விட்டாலும் அப்படியேதான்.

இன்னொன்று, காலையில் முதல் தடவை போடும்போது எஃப்1 அழுத்தச் சொல்லி ஒரு செய்தி வரும், அழுத்தினால் போகும். இது அதோடு சம்பந்தப்பட்டதா தெரியவில்லை.

உயர்தரப் பிள்ளைகளின் வினாத்தாள்கள் எல்லாம் இதற்குள்தான் இருக்கின்றன. அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. வேறு பிரதி கிடையாது. யாராவது வழி சொல்லுங்கள்.

மூதூர்க்கரை:
தம்பி, இவ்வளவு பழைய பெட்டிக்கு நேரம் செலவழிக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் போட்டு ஃபைல்களை எடுத்துவிட்டு, போர்மட் பண்ணி விண்டோஸ் 7 போடுங்கள். அரை நாள் வேலை. 2 ஜிபி ராமுக்கு அதுதான் சரி.

கச்சான்காற்று:
தம்பி, போர்மட் பண்ணுவதற்கு முன் ஒரு விசயம் பாரும். கறுப்புத் திரை நிற்கும்போது கொன்ட்ரோலையும் ஓல்ட்டையும் பிடித்துக்கொண்டு எஃப்2 அழுத்தும். எழுத்துத் திரையில் பெயர் கேட்டு நின்றால் உம்முடைய கணினி நல்ல சுகத்தோடு இருக்கிறது என்று அர்த்தம், போர்ட், ராம், டிஸ்க், லினக்ஸின் மையமான கெர்னல் எல்லாம் வேலை செய்கின்றன, படம் காட்டும் பகுதி மட்டும்தான் எழும்பவில்லை. அது வராவிட்டால் கதை வேறு.

நான் கடைத்தெருவில் கனகாலமாகத் திருத்தும் வேலை செய்கிறேன். திருகோணமலையில் கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடுகளில் இருந்து வரும் பெட்டிகளைத் திறந்தால் ராமின் பொன்னிறப் பல்லில் பச்சை படிந்திருக்கும், கச்சான் அடிக்கிற மாதங்களில் புழுதியும் சேர்ந்து ஒட்டியிருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்துப் போட்டாலே பாதிப் பெட்டிகள் எழும்பிவிடும். ஆனால் உம்முடையதில் எழுத்துகள் ஓடுகின்றன என்கிறீர், ஆகவே இப்போதைக்குப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

எஃப்1 செய்தி போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பட்டன் பற்றரி செத்ததால் வருவது. கரண்ட் போனால் பயோஸ் திகதியையும் மற்ற அமைப்புகளையும் மறந்துவிடும். புதியதை வாங்கிப் போடும், ஆனால் அது இந்தக் கறுப்புத் திரைக்குக் காரணமாக இருக்காது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதேயும்.

எழுத்துத் திரையில் லொகின் பண்ணி டிஎஃப் -எச் என்று அடித்து, ரூட் பிரிவு எத்தனை வீதம் நிரம்பியிருக்கிறது என்று எழுதும்.

நிலாவெளி டீச்சர்:
மூதூர்க்கரை சொன்ன விண்டோஸ் 7 பற்றி ஒரு வார்த்தை. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 ஆம் திகதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 10 இற்கு 2025 ஒக்டோபர் 14. விண்டோஸ் 11 கோர் 2 டுவோவை ஏற்காது. பிள்ளைகள் யூஎஸ்பி குச்சிகளைக் கொண்டுவந்து செருகுகிற இடத்தில், திருத்தம் வராத ஒன்றைப் போட்டுவைப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். டெபியன் 12 அந்தக் கணினியில் நன்றாக ஓடும். எங்கள் பாடசாலையிலும் இதே ஜி41 போர்ட்டில்தான் ஓட்டுகிறோம்.

தம்பி, எஃப்2 இல் எழுத்துத் திரை வந்தால் வேறெதையும் தொடுவதற்கு முன் வினாத்தாள்களை வெளியே எடுத்துவிடுங்கள். டெஸ்க்டொப் இல்லாமலே எடுக்கலாம். யூஎஸ்பி குச்சியைச் செருகி எல்எஸ்பிஎல்கே என்று அடித்தால் டிஸ்க்குகளின் பட்டியல் வரும், கொள்ளளவைப் பார்த்தால் எது குச்சி என்று தெரியும். அதை மவுன்ட் பண்ணி, உங்கள் ஹோம் ஃபோல்டர் முழுவதையும் டார் கட்டளையால் ஒரே பொதியாகக் கட்டி அதில் எழுதுங்கள். தனித்தனியாகக் கொப்பி பண்ணினால் ஃபைல்களின் உரிமையாளர், அனுமதி விபரங்கள் குச்சியில் தங்காது. ஒன்று கவனம், குச்சி ஃபாட்32 ஆக இருந்தால் ஒரு தனி ஃபைல் 4 ஜிபிக்கு மேல் ஏறாது, பொதி பெரிதாக வந்தால் துண்டாக்க வேண்டும்.

மறைவான ஃபோல்டர்களையும் சேர்த்துக் கட்டுங்கள். புள்ளியில் தொடங்கும் பெயர்கள் சும்மா பார்த்தால் தெரியாது. பாமினி எழுத்துரு அநேகமாக அவற்றில் ஒன்றுக்குள்தான் இருக்கும். வினாத்தாளை எடுத்துவிட்டு எழுத்துருவை விட்டுவந்தால், திறக்கும்போது தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

உவர்மலைத் தம்பி:
அண்ணா, எஃப்2 அழுத்தினேன், வந்துவிட்டது! பெயர் கேட்டது, கடவுச்சொல் கொடுத்தேன், உள்ளே விட்டது. டீச்சர் சொன்னபடி டார் பண்ணப் பார்த்தேன், ஹோம் ஃபோல்டர் குச்சியை விடப் பெரிதாக இருக்கிறது, ஆகவே வினாத்தாள் ஃபோல்டரையும் எழுத்துரு ஃபோல்டரையும் மட்டும் கட்டி எடுத்தேன். வேறொரு கணினியில் விரித்துப் பார்த்தேன், திறக்கிறது. இப்போதுதான் மூச்சு வந்தது.

டிஎஃப் காட்டுவது: ரூட் பிரிவு 100 வீதம். ஹோமும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

கச்சான்காற்று:
100 வீதமா, அப்படியென்றால் முதலில் அதைத் தீர்ப்போம்.

ஈஎக்ஸ்டி4 என்ற ஃபைல் அமைப்பில் பிரிவை உருவாக்கும்போது வழக்கமாக 5 வீத இடத்தை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கிவைக்கும். டிஸ்க் நிரம்பினாலும் கணினி எழும்பும், பின்னணிச் சேவைகள் ஓடும், சாதாரண பயனருக்கு மட்டும் ஒரு எழுத்துக்கூட எழுத இடமிருக்காது. டெஸ்க்டொப் தொடங்கும்போது உம்முடைய ஹோமில் சில சின்ன ஃபைல்களை எழுதியே ஆகவேண்டும், எழுத முடியாமல் போனால் சத்தம் போடாமல் செத்துவிடும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் திரை பழுது மாதிரித் தெரியும்.

ஹோமுக்குள் டியூ கட்டளையால் எது பெரிதென்று தேடும், மறைவான ஃபைல்களையும் சேர்த்து. என் கணிப்பு, டொட் எக்ஸ்செஷன்-எரர்ஸ் என்று ஒரு ஃபைல் ஊதிக் கிடக்கும். அதன் கடைசிச் சில வரிகளை மட்டும் பார்த்து எந்த மென்பொருள் புலம்புகிறது என்று குறித்துக்கொண்டு, ஃபைலை அழியும். பிறகு சூடோ ஆப்ட் கிளீன் அடித்தால் (சூடோ என்றால் ரூட்டின் உரிமையோடு ஓட்டுவது) இறக்கி முடித்த பொதிகள் போகும். கணினி தன் நிகழ்வுகளை எழுதிவைக்கும் ஜேர்னலையும் 100 எம்பிக்குச் சுருக்கலாம், ஜேர்னல்சிடிஎல் கட்டளைக்கு வாக்யூம்-சைஸ் என்று ஒரு தெரிவு இருக்கிறது.

டிஸ்க்கில் பிழை வந்து பிரிவு முழுவதும் வாசிக்க மட்டும் என்று பூட்டிக்கொண்டாலும் இதே கறுப்புத் திரைதான் வரும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நேரம் கடைக்கு வந்த பல பெட்டிகளில் அதுதான் கோளாறு. உம்முடையதில் அப்படியென்றால் ஃபைல் அழிக்கவே விடாது, அதிலிருந்து தெரிந்துவிடும்.

உவர்மலைத் தம்பி:
அண்ணா சொன்ன அதே ஃபைல்தான், 11 ஜிபி! கடைசி வரிகள் எல்லாம் ஒரே செய்தி, பனலில் காலநிலை காட்டும் பகுதி இணையம் கிடைக்கவில்லை என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. வாசிகசாலையில் இணையம் கிடையாது, யாராவது ஃபோனில் கொடுத்தால்தான். ஃபைலை அழித்தேன், அழிக்க விட்டது. இப்போது ரூட் பிரிவு 41 வீதம்.

ஆனால் ரீபூட் பண்ணினால் அதே கறுப்புத் திரை, அதே கோடு.

மூதூர்க்கரை:
இதைத்தான் சொன்னேன். ஒன்றைத் திருத்த இன்னொன்று வரும். ஃபைல்களை எடுத்தாயிற்று, இனிப் புதிதாகப் போடுவதில் என்ன நட்டம்?

நிலாவெளி டீச்சர்:
புதிதாகப் போட்டாலும் அதே வன்பொருள்தானே. காரணம் வன்பொருள் பக்கம் இருந்தால் புதிதாகப் போட்ட பிறகும் இதே கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும், அப்போது கையில் பழைய லொக் (நடந்ததைக் குறித்துவைத்த ஃபைல்) கூட இருக்காது. திரையில் படம் காட்டும் மென்பொருளான எக்ஸ் சேவர் ஒவ்வொரு முறை விழும்போதும் ஏன் விழுந்தேன் என்று எழுதிவைத்துவிட்டுத்தான் விழுகிறது. அதை ஒருதரம் வாசிக்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

தம்பி, வார் என்ற ஃபோல்டருக்குள் லொக், அதற்குள் எக்ஸ்ஓஆர்ஜி.0.லொக் என்று ஒரு ஃபைல் இருக்கும். லொகின் பெட்டியைக் காட்டும் லைட்டிஎம் வழியாகத் தொடங்கியதற்கு அதுதான். (நீங்களே ஸ்டார்ட்எக்ஸ் அடித்துத் தொடங்கினால் லொக் அங்கே போகாது, உங்கள் ஹோமில் டொட் லோக்கலுக்குள் போய்விடும். பலர் பழைய லொக்கைப் பார்த்துக்கொண்டு குழம்புவது இதனால்தான்.) நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும், பயப்படத் தேவையில்லை. அடைப்புக்குறிக்குள் இரண்டு ஈ எழுத்து வருகிற வரிகள்தான் பிழைகள். இரண்டு டபிள்யூ வருவது வெறும் எச்சரிக்கை, விட்டுவிடலாம். கிரெப் கட்டளையால் ஈஈ வரிகளை மட்டும் பிரித்தெடுத்து இங்கே எழுதுங்கள். முதலாவது ஈஈ வரிதான் முக்கியம். அதற்குப் பின்னால் வருபவை அநேகமாக அதன் விளைவுகள்.

உவர்மலைத் தம்பி:
டீச்சர், மேலே இந்த ஈஈக்கு என்ன அர்த்தம் என்று சொல்லும் ஒரு வரியை விட்டால், வருவது இவ்வளவுதான்:

நோ டிவைசஸ் டிடெக்டட்
நோ ஸ்க்ரீன்ஸ் ஃபவுண்ட்

ஸ்க்ரீன் இல்லை என்கிறதே, மொனிற்றர் பழுதாக இருக்குமா? ஆனால் எழுத்துகள் அதே மொனிற்றரில்தானே தெரிகின்றன. விஜிஏ வயரை மாற்றிப் பார்க்கட்டுமா?

நிலாவெளி டீச்சர்:
வயரை விடுங்கள், மொனிற்றரில் ஒன்றுமில்லை. எக்ஸ் ஒரு டிரைவரையும் ஒரு கிறபிக்ஸ் சாதனத்தையும் சேர்த்துக் கட்டிய பிறகுதான் அதை ஸ்க்ரீன் என்று கணக்கெடுக்கும். உங்கள் முதல் வரியைப் பாருங்கள், சாதனமே அகப்படவில்லை என்கிறது. ஜி41 போர்ட்டிலேயே கிறபிக்ஸ் இருக்கிறது, அது இல்லாமல் எழுத்துகூடத் தெரியாது. அப்படியிருந்தும் சாதனம் இல்லை என்கிறதென்றால், எக்ஸ் தேடுவது வேறெதையோ.

அந்தக் கணினியில் எப்போதாவது தனியான கிறபிக்ஸ் அட்டை இருந்ததா? வயரை அண்மையில் யாராவது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றினார்களா?

உவர்மலைத் தம்பி:
ஓம் டீச்சர், ஒரு அட்டை இருந்தது! யாரோ வெளிநாட்டிலிருந்து வந்தபோது கொடுத்தது. அதன் விசிறி துருப்பிடித்துச் சுற்றாமல் நின்று, சூட்டு மணம் வரத் தொடங்கியது. வாசிகசாலைச் செயலாளர் ஐயா அதைக் கழற்றிவிட்டு விஜிஏ வயரைப் போர்ட்டிலேயே செருகிவிட்டார். யோசித்துப் பார்த்தால் அதற்குப் பிறகுதான் இந்தக் கறுப்புத் திரை.

கச்சான்காற்று:
அவ்வளவுதான், கண்டுபிடித்தாயிற்று. டீச்சருக்கு நன்றி.

தம்பி, ஈடிசி ஃபோல்டருக்குள் எக்ஸ்11, அதற்குள் எக்ஸ்ஓஆர்ஜி.கொன்ஃப் என்று ஒரு ஃபைல் இருக்கிறதா பாரும். முந்தி எக்ஸ் வேலை செய்ய அந்த ஃபைல் கட்டாயம் வேண்டும், மொனிற்றரின் அதிர்வெண் வரை கையால் எழுதுவோம். இப்போது தேவையில்லை, எக்ஸ் தானாகவே எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும். ஆனால் அந்த ஃபைல் இருந்தால் அதில் எழுதியிருப்பதற்குத்தான் கட்டுப்படும். அந்த அட்டைக்கு உற்பத்தியாளரின் மூடிய டிரைவரைப் போட்டவர் இந்த ஃபைலையும் உருவாக்கியிருப்பார். உள்ளே டிரைவர் என்ற வரியில் அதன் பெயர் இருக்கும், பஸ்ஐடி என்ற வரியும் இருக்கலாம், அது அட்டை செருகியிருந்த இடம். அட்டை மேசை லாச்சிக்குள் கிடக்கிறது, எக்ஸ் அதைச் செருகியிருந்த இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறது.

எல்எஸ்பிசிஐ அடித்தால் இப்போது உள்ளே உண்மையில் இருக்கும் கிறபிக்ஸ் எது என்று தெரியும். பிறகு அந்தக் கொன்ஃப் ஃபைலை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவையும், கடைசியில் பழையது என்று சேர்த்தால் போதும். அதே ஃபோல்டரில் எக்ஸ்ஓஆர்ஜி.கொன்ஃப்.டி என்று ஒரு ஃபோல்டரும் இருக்கலாம், அதற்குள்ளும் அந்த டிரைவரின் பெயரோடு ஏதாவது கிடந்தால் அதையும் ஒதுக்கும். முடித்துவிட்டு சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் லைட்டிஎம்.

கிண்ணியா நண்பன்:
நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கும் டெஸ்க்டொப் வருவதில்லை. லுபுண்டு 18.04 (உபுண்டுவின் இலகு வடிவம்), 32-பிட் பெந்தியம் 4. ஆனால் லொகின் பெட்டி வருகிறது, கடவுச்சொல் சரியாகத்தான் அடிக்கிறேன், ஒரு கணம் கறுத்துவிட்டுத் திரும்ப அதே பெட்டிக்கே வருகிறது. நானும் இந்தக் கொன்ஃப் ஃபைலை மாற்றட்டுமா?

நிலாவெளி டீச்சர்:
வேண்டாம், உங்களுடையது வேறு நோய். பெட்டி வருகிறதென்றால் எக்ஸ் எழும்பிவிட்டது, உங்கள் பயனர் கணக்குக்குள் போகும்போதுதான் தடக்குகிறது. முதலில் மேலே சொன்னபடி டிஸ்க் நிரம்பியிருக்கிறதா பாருங்கள். இடம் இருந்தால், எழுத்துத் திரையில் உங்கள் ஹோமில் எல்எஸ் -எல்ஏ அடித்து டொட் எக்ஸ்ஒதோரிட்டி என்ற ஃபைலின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். ரூட் என்று இருந்தால் அதுதான் காரணம். எப்போதாவது சூடோ போட்டு ஸ்டார்ட்எக்ஸோ வேறு வரைகலை மென்பொருளோ திறந்திருந்தால் அப்படி நடக்கும். உபுண்டுவில் 19.10 வரும்வரை சூடோ போட்டாலும் ஹோம் என்பது பயனரின் ஹோமாகவே இருந்தது, ஆகவே ரூட்டாக ஓடிய மென்பொருள் உங்கள் வீட்டுக்குள் ரூட்டின் பெயரில் ஃபைல் எழுதிவைத்துவிடும். சூடோ சௌன் கட்டளையால் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றினால் சரி. டொட் ஐசிஈஒதோரிட்டி என்ற ஃபைலையும் சேர்த்துப் பாருங்கள்.

கிண்ணியா நண்பன்:
நன்றி டீச்சர், பின்னேரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

உவர்மலைத் தம்பி:
வந்துவிட்டது! கொன்ஃப் ஃபைல் இருந்தது, அண்ணா சொன்ன இரண்டு வரிகளும் அப்படியே இருந்தன. பெயரை மாற்றி லைட்டிஎம்மை ரீஸ்டார்ட் பண்ணியதும் லொகின் பெட்டி, அதற்குப் பிறகு டெஸ்க்டொப், பிள்ளைகள் வைத்த கோணேசர் மலைப் படம் எல்லாம் அப்படியே.

ஆனால் படம் குண்டாகத் தெரிகிறது. 1366 இற்கு 768 ஓடிய மொனிற்றரில் இப்போது 1024 இற்கு 768 மட்டும்தான், வேறு தெரிவே காட்டவில்லை. ஜன்னலைப் பிடித்து இழுத்தால் பின்னால் ஆறுதலாக இழுபட்டு வருகிறது. உள்ளே இருப்பது பலவீனமான கிறபிக்ஸ் என்பதாலா?

கச்சான்காற்று:
இல்லை. ஜி41 அந்த அளவுக்கு மோசமில்லை. எழுத்துத் திரையில் புரொக் ஃபோல்டரில் இருக்கும் சிஎம்டிலைன் ஃபைலைக் காட்டச் சொல்லும், கெர்னலுக்குக் கொடுத்த சொற்கள் ஒரே வரியில் வரும். அதில் நோமோட்செட் என்று இருக்கிறதா?

உவர்மலைத் தம்பி:
இருக்கிறது அண்ணா. அட்டை கழற்றிய மறுநாள் ஒரு வீடியோவைப் பார்த்து ஒரு மாணவன் கிரப்பில் அதைச் சேர்த்தான், அப்போதும் டெஸ்க்டொப் வரவில்லை.

கச்சான்காற்று:
அந்தச் சொல் கெர்னலின் கிறபிக்ஸ் டிரைவரையே படுக்கவைத்துவிடும், உம்முடையதில் அது ஐ915. பிறகு எக்ஸுக்கு வேறு வழியில்லாமல் வீசா மாதிரிப் பொது டிரைவரோடு ஓட வேண்டியதுதான், அகலத் திரையின் அளவும் கிடைக்காது, முடுக்கமும் கிடைக்காது. ஒருதடவை எழுப்பிப் பார்ப்பதற்கு நல்ல கருவி, அதற்கு கிரப் மெனுவில் ஈ விசையை அழுத்தி அந்த வரியில் சேர்த்தால் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் இருக்கும். நிரந்தரமாக எழுதிவைக்கிற சொல் இல்லை அது. வீடியோ போடுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது, எத்தனையோ நல்ல பெட்டிகள் இப்படி நொண்டிக்கொண்டு ஓடுகின்றன, சொந்தக்காரர்கள் பெட்டி கிழடாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஈடிசிக்குள் டிஃபோல்ட் ஃபோல்டரில் கிரப் என்ற ஃபைலைத் திறந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, சூடோ அப்டேட்-கிரப் அடித்து ரீபூட் பண்ணும். டெஸ்க்டொப் வடிவாக ஓடத் தொடங்கிய பிறகு அந்த மூடிய டிரைவர் பொதியையும் ஆப்ட் பர்ஜ் பண்ணிவிடும், இல்லாவிட்டால் கெர்னல் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இல்லாத அட்டைக்காகத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கும்.

நிலாவெளி டீச்சர்:
எக்ஸ்எஃப்சிஈயில் ஜன்னல்களின் நிழல், ஊடுதெரிவு காட்டும் கொம்பொசிற்றரை அணைத்துவிடுங்கள், 2 ஜிபிக்கு அது தேவையில்லை. இன்டெல் என்ற பெயரில் பழைய எக்ஸ் டிரைவர் பொதியைப் போடச் சொல்லிச் சில இடங்களில் எழுதியிருப்பார்கள், அதைப் போடவேண்டாம், எக்ஸோடு வரும் மோட்செட்டிங் டிரைவர் போதும். 2022 இல் மீசா 22.0 (லினக்ஸின் கிறபிக்ஸ் மென்பொருள் தொகுப்பு) பழைய டிரைவர்கள் பலவற்றைக் கழற்றியபோது ஜி41 மாதிரியானவை கைவிடப்பட்டுவிடுமோ என்று எனக்கும் பயம் இருந்தது, ஆனால் குரோகஸ் என்ற புதிய டிரைவர் அவற்றைப் பொறுப்பெடுத்துக்கொண்டது. டெபியன் 12 இல் இருப்பது அதுதான்.

பனலிலிருந்து அந்தக் காலநிலைப் பகுதியை எடுத்துவிட்டீர்களா? விட்டால் 11 ஜிபி திரும்ப நிரம்பும்.

உவர்மலைத் தம்பி:
எடுத்துவிட்டேன் டீச்சர். நோமோட்செட்டை நீக்கி ரீபூட் பண்ணியதும் 1366 தானாகவே வந்தது, ஜன்னல்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன. பட்டன் பற்றரியும் மாற்றியாயிற்று, எஃப்1 செய்தி வருவதில்லை. ஒரு பிள்ளை வினாத்தாளைத் திறந்து வைத்திருக்கிறாள், பாமினி சரியாகத் தெரிகிறது. இருவருக்கும் மிகவும் நன்றி.

மூதூர்க்கரை:
நல்லது தம்பி. என்னிடமும் ஒரு கோர் 2 டுவோ சும்மா கிடக்கிறது, அதிலும் டெபியன் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். 13 போடட்டுமா, 12 போடட்டுமா?

கச்சான்காற்று:
கோர் 2 டுவோ 64-பிட், ஆகவே 13 ஐயே போடலாம். கிண்ணியா நண்பரின் பெந்தியம் 4 தான் யோசிக்க வேண்டியது. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 இல் 32-பிட் நிறுவி கிடையாது.

கிண்ணியா நண்பன்:
உரிமையாளர் ரூட்தான், டொட் எக்ஸ்ஒதோரிட்டி, ஐசிஈஒதோரிட்டி இரண்டுமே. சௌன் பண்ணினேன், உள்ளே விட்டுவிட்டது டீச்சர், நன்றி! 18.04 இற்குத் திருத்தம் நின்றுவிட்டது தெரியும். 32-பிட்டுக்கு வேறு என்ன போடலாம், 1 ஜிபி ராம்தான் இருக்கிறது?

நிலாவெளி டீச்சர்:
1 ஜிபிக்கு ஆன்டிஎக்ஸ் 23 என்ற இலகு லினக்ஸின் 32-பிட் பதிப்பு. டெபியன் 12 ஐ அடித்தளமாகக் கொண்டது, சேவைகளைத் தொடக்கும் சிஸ்டம்டி இல்லாமல், ஐஸ்டபிள்யூஎம் என்ற இலகு ஜன்னல் மேலாளரில் ஓடும், தமிழ் உள்ளீட்டுக்கு ஐபஸ் என்ற மென்பொருளைத் தனியாகப் போடவேண்டும். முதலில் குச்சியிலிருந்து நேரே ஓட்டிப் பாருங்கள், டெஸ்க்டொப் வந்தால் மட்டும் டிஸ்க்கில் போடுங்கள்.